ஈரத் தரையில் ஐந்து ஆண்டுகள்

கால்பந்து வந்த பாதை – 7

கொள்ளிட மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஸ்ரீரங்கத்தின் வடக்கு வீதிகளைத் தாண்டிக் கரையில் இறங்கினால், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில், கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல்தான். செருப்பைக் கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவோம். வெறுங்காலுக்கு மணல் இணக்கமானது. விரல்கள் ஊன்றிக்கொள்ளும், விழுந்தாலும் வலிக்காது.

ஓர் ஐப்பசியில் பொன்மலை ரயில்வே காலனிப் பையன்களோடு பந்தயம் பேசிக்கொண்டு அவர்கள் மைதானத்துக்குப் போனோம். முதல் நாள் இரவு நல்ல மழை. தரை முழுக்கக் களிமண் சேறு. அரை மணி நேரத்தில் எங்களில் ஒருவனாலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அந்தப் பையன்களோ அப்பாக்களின் பழைய பூட்ஸில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆறு கோல் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ரயில்வே அணிக்கும் ஆடிய நண்பனின் அப்பா, எல்லைக் கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்த எங்களைக் கூப்பிட்டு, “டேய் தம்பிகளா, உங்க கால்ல குத்தம் இல்லடா. தரையைப் பார்க்காம வந்தீங்க பாருங்க, அதான் தப்பு. கல்கத்தாவுல ஒரு டீம் இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் அஞ்சு வருசம் வெள்ளைக்காரப் பட்டாளத்தையே ஜெயிச்சானுங்க” என்றார்.

அந்த அணியின் பெயரைத் தேடிப் படிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த அத்தியாயம் அவர்களுடையது.

ஒரு நாள் வெற்றியும் ஒரு பருவத்து வெற்றியும்

சென்ற இதழில் 1911 ஜூலை 29 அன்று கல்கத்தா மைதானத்தில் நடந்ததைப் பார்த்தோம். மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்று, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியவர்கள். அந்த ஒரு நாள் தேசத்தின் நினைவில் இன்றும் இருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு வந்த இருபத்து மூன்று ஆண்டுகளை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் காலம் முழுவதும் கல்கத்தா லீகின் முதல் டிவிஷன் பட்டம் ஓர் இந்திய அணிக்குக்கூடக் கிடைக்கவில்லை. 1898இல் தொடங்கிய அந்த லீகில் பட்டம் வென்றவர்களின் பட்டியலைப் படித்தால், பட்டாளங்களின் வருகைப் பதிவேட்டைப் படிப்பது போலிருக்கும். முதல் ஆண்டே குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். பிறகு ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ், நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்று போகும். நடுநடுவே கல்கத்தா எஃப்.சி., டல்ஹௌசி போன்ற வெள்ளையர் கிளப்புகள். 1931, 1932, 1933 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரி.

கேடயத்தை வெல்ல முடிந்த நாட்டில் லீகை ஏன் வெல்ல முடியவில்லை? ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கேடயம் என்பது சொர்க்கவாசல் திறக்கும் விடியற்காலை மாதிரி. அந்த நேரத்துக்கு எல்லாவற்றையும் கூட்டி, ஆவேசத்தோடு நின்றுவிடலாம். லீக் என்பது பகல் பத்தும் இராப் பத்தும் சேர்ந்த முழு உற்சவம். ஒவ்வொரு நாளும் ஒழுங்கு தவறாமல் நடத்த வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் கணக்கில் வரும். எல்லா அணிகளோடும் மோதி, வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒரு புள்ளி என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அங்கே ஆவேசம் மட்டும் போதாது, ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு தடையும் இருந்தது. முதல் டிவிஷனில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நீண்ட காலம் வைத்திருந்தார்கள். கீழ் டிவிஷனில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே ஏற இடம் காலியாக இருக்க வேண்டும். 1925இல் ஈஸ்ட் பெங்கால் மேலே வந்த சமயத்தில்தான் அந்தக் கதவு திறந்தது.

மழை யார் பக்கம் ஆடியது?

கல்கத்தாவில் கால்பந்துப் பருவம் மழைக்காலத்தோடு பின்னிக்கிடப்பது. மே மாதம் தொடங்கும் ஆட்டங்கள் தென்மேற்குப் பருவமழையின் நடுவில் சூடு பிடிக்கும். கங்கை கொண்டுவந்து சேர்த்த மண் அது. காய்ந்தால் பாறை, நனைந்தால் வழுக்குப் பாறை.

காய்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரனைப் பிடிப்பது கடினம். பந்தின் எடையையும் சுழற்சியையும் பாதமே உணர்ந்து சொல்லிவிடும். திரும்புவதில் வேகம், நிறுத்துவதில் நயம். பட்டாளத்து வீரர்கள் கனத்த பூட்ஸோடு பின்னால் ஓடித் திணறுவார்கள். முதல் மழை விழுந்ததும் இந்த நிலைமை தலைகீழாகும். கட்டை வைத்த பூட்ஸ் சேற்றில் ஊன்றி நிற்கும், வெறுங்கால் வழுக்கும். தோல் பந்து நீர் குடித்துக் கனத்துவிடும். அதை வெறும் விரல்களால் உதைத்துத் தூரம் அனுப்ப முடியாது. மே மாதம் சேர்த்த புள்ளிகளை ஜூன், ஜூலையில் இந்திய அணிகள் இழந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வெறுங்கால் ஆட்டம் 1911க்குப் பிறகு ஒரு பெருமையின் அடையாளமாகிவிட்டது. பூட்ஸ் போட்டவனை வெறுங்காலால் வென்றோம் என்ற நினைவு இனிப்பானது. அந்த இனிப்பு, கண்ணெதிரே பெய்த மழையை மறைத்துவிட்டது.

அசீஸின் ஏற்பாடு

முகமதன் ஸ்போர்ட்டிங்கின் வேர் 1887க்குப் போகிறது. ஜூபிலி கிளப் என்ற பெயரில் தொடங்கி, இரண்டு பெயர்கள் மாறி, 1891இல் இன்றைய பெயருக்கு வந்தது. கறுப்பு வெள்ளைச் சட்டை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது கீழ் டிவிஷன்களில் உழன்ற கிளப்.

1930களின் தொடக்கத்தில் கிளப்பின் செயலாளர் பொறுப்பில் இருந்தவர் சி. ஏ. அசீஸ். அவர் செய்தவை இரண்டு காரியங்கள். இரண்டுமே அன்றைக்கு மற்ற கிளப்புகள் அரைமனதோடு மட்டுமே யோசித்தவை.

முதலாவது, ஆட்களைத் தேடியது. அக்கம்பக்கத்துப் பையன்களை வைத்தே அணி கட்டுவது அன்றைய வழக்கம். அசீஸ் வங்கத்துக்கு வெளியே பார்த்தார். தெற்கே பெங்களூரிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கோல் காக்க உஸ்மான் ஜான், தடுப்பில் இரும்புத் தூண் போல ஜும்மா கான், முன்வரிசையில் ரஹீமும் ஹாஃபிஸ் ரஷீதும், தலைமையில் அப்பாஸ் மிர்சா என்று அந்த அணி உருவானது. கன்டோன்மென்ட் ஊரான பெங்களூரில் பட்டாளத்து அணிகளோடு மோதியே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தின் முரட்டுத்தனம் புதிதல்ல.

இரண்டாவது, பூட்ஸ். ஈரத் தரையில் ஆட இலகுவான பூட்ஸுக்கு வீரர்களைப் பழக்கினார்கள். இதைச் சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் ஆடியவன் பூட்ஸ் போட்டால் பந்து எங்கே படுகிறது என்றே முதலில் தெரியாது. சிறு வயதில் நானே பட்டிருக்கிறேன். கால் வேறு யாருடையதோ போலிருக்கும். அந்தத் தயக்கம் போகும் வரை விடாமல் பயிற்சி செய்ய வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவனை மறுபடி பாலபாடத்துக்கு உட்கார வைப்பதற்கு மனம் வேண்டும். உட்காருபவனுக்கும் பணிவு வேண்டும். முகமதன் வீரர்களிடம் அந்தப் பணிவு இருந்தது.

1934 முதல் 1938 வரை

1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் டிவிஷனுக்கு ஏறியது. புதிதாக ஏறிய அணிக்கு முதல் ஆண்டின் குறிக்கோள் மறுபடி கீழே விழாமல் இருப்பதுதான். இவர்கள் அந்த ஆண்டே பட்டத்தை வென்றார்கள். லீக் தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, முதல் முறையாக ஓர் இந்திய அணி.

மழை வந்தது, அவர்கள் வழுக்கவில்லை. கல்கத்தா கண்ட புதுமை இதுதான்.

1935இல் மறுபடி வென்றார்கள். 1936இல் லீகோடு ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து எடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் வீழ்ந்தது கல்கத்தா எஃப்.சி. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் இந்திய அணி அது. கேடயத்தின் ஆவேசமும் லீகின் பொறுமையும் ஒரே அணியிடம் கூடி வந்தன. 1937இலும் 1938இலும் பட்டம் கைமாறவில்லை. டர்ஹம் பட்டாளத்தின் மூன்று ஆண்டுக் கணக்கை ஐந்தாக்கிக் காட்டினார்கள்.

எங்கள் பொன்மலையும் அந்தக் காலத்துக் குழந்தைதான். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1920களின் பிற்பகுதியில் இங்கே வந்து, அதைச் சுற்றி ஒரு நகரமே எழுந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தமிழ்த் தொழிலாளிகளும் ஒரே சங்கொலிக்கு எழுந்து, மாலையில் ஒரே மைதானத்தில் இறங்கினார்கள். கல்கத்தா அணியின் கதை அந்தப் பெரியவரிடம் வந்து சேர்ந்ததும் ரயில்வே வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ரயில்வே அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடின. போன இடத்துக் கதைகளோடு திரும்பி வந்தன.

கிளாஸ்கோவில் ஒரு வெறுங்கால்

இந்த ஐந்து ஆண்டுகளின் நடுவே ஒரு கிளைக்கதை. முகமதன் அணியின் ஓரத்தில் ஆடிய முகமது சலீம், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் வழியில் இந்தியா வந்த சீன அணிக்கு எதிராக ஆடியவர். அதன் பிறகு உறவினர் ஹாஷிமோடு கப்பலேறினார். ஹாஷிம் அவரை கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்புக்கு அழைத்துப் போய், இவரை ஆட வைத்துப் பாருங்கள் என்று மேலாளர் வில்லி மேலியிடம் கேட்டார்.

சலீம் அங்கே ஆடியது பூட்ஸோடு அல்ல. பாதத்தில் துணிக் கட்டு மட்டும். அந்தக் கட்டைக் கட்டிவிடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது: பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இந்தியர், அவர் காலடியில் குனிந்திருக்கும் ஸ்காட்லாந்துக்காரர். ஹாமில்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்றும், கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் 7-1 என்றும் வென்றது. ஐரோப்பிய கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறோம். செல்டிக் அவரை வைத்துக்கொள்ள விரும்பியும், ஊர் நினைவு தாங்காமல் அவர் கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார்.

அப்படியானால் பூட்ஸ் தேவையில்லையா? இரண்டு ஆட்டங்களை ஒரு மேதை எப்படியும் ஆடிவிடுவான். ஐந்து பருவங்களை ஓர் அணி அப்படி ஆட முடியாது. சலீமை வியந்துகொண்டே அசீஸின் பக்கம் நிற்கிறேன்.

கூட்டம் பிரிந்த விதம்

1934இல் வந்த முதல் பட்டத்தில் இந்திய அணி வென்றது என்ற மகிழ்ச்சிக்குப் பரவலாக இடம் இருந்தது. ஆண்டுகள் போகப்போக அந்த மகிழ்ச்சி இரண்டாகப் பிளந்தது. அந்தக் காலத்தின் வங்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பு, 1935இன் சட்டம், 1937இன் தேர்தல் என்று அரசியல் ஒவ்வொரு மனிதனையும் நீ எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். மைதானத்தின் மூன்று பக்கமும் கூடிய ஜனங்களையும் அந்தக் கேள்வி விடவில்லை.

எளிய முஸ்லிம் தொழிலாளிகளுக்கும் மாணவர்களுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டை, தாங்களும் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்பதற்குச் சாட்சி. அந்தப் பெருமை நியாயமானது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் எதிர் அணியின் ரசிகர்கள் தோல்வியை வெறும் தோல்வியாக ஏற்கவில்லை. வென்றவர்களில் சிலர் வெற்றியை வெறும் வெற்றியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. கேலி கைகலப்பானது. பட்டாளத்தை எதிர்த்து ஒன்றாக நின்ற கூட்டம், பட்டாளம் தோற்கத் தொடங்கியதும் ஒன்றையொன்று பார்த்து முறைத்தது.

1939இல் ஐ.எஃப்.ஏ. நிர்வாகத்தோடும் நடுவர் தீர்ப்புகளோடும் ஏற்பட்ட மோதலில் முகமதன், ஈஸ்ட் பெங்கால், காளிகாட் ஆகிய கிளப்புகள் லீகிலிருந்து விலகின. அந்த ஆண்டின் பட்டம் மோகன் பகானுக்குப் போனது. அவர்களுக்கும் அது முதல் லீக் பட்டம். ஐந்தாண்டு ஓட்டம் களத்தில் முறியவில்லை, மேசையில் நின்றது. 1940இலும் 1941இலும் திரும்பி வந்து பட்டத்தை எடுத்தது அதற்குச் சான்று. எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள்.

1940இல் இன்னொன்றும் நடந்தது. 1888இல் தொடங்கிய டூரண்ட் கோப்பையின் இறுதி ஆட்டம் டெல்லியில். எதிரே ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்ட். முகமதன் 2-1 என்று வென்று, அந்தக் கோப்பையைத் தொட்ட முதல் இந்திய கிளப்பானது. அதே ஆண்டு பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையும் அவர்களுக்கே.

மாட்ரிட் வரை ஒரு பார்வை

ஐந்து ஆண்டு என்றதும் உலகக் கால்பந்து ரசிகர்களுக்கு வேறோர் அணி நினைவுக்கு வரும். ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பை 1955இல் தொடங்கியதும் முதல் ஐந்து முறையும், 1956 முதல் 1960 வரை, ரியல் மாட்ரிட் வென்றது. பாரிஸில் ரெய்ம்ஸ் அணியை 4-3 என்று வென்று தொடங்கி, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்க்க, ஃபிராங்க்ஃபர்ட் அணியை 7-3 என்று நொறுக்கியது வரை. அந்த ஆட்டத்தில் புஷ்காஷ் நான்கு கோல், டி ஸ்டெஃபனோ மூன்று.

அங்கும் வழி ஏறத்தாழ இதுதான். தலைவர் சாந்தியாகோ பெர்னபேயூ ஊர்ப் பையன்களோடு நிற்கவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து டி ஸ்டெஃபனோ, பிரான்சிலிருந்து கோபா, உருகுவேயிலிருந்து சாந்தமரியா, ஹங்கேரியிலிருந்து புஷ்காஷ். இருபது ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் அசீஸ் குறைந்த வசதியோடு, அடிமை நாட்டில் செய்ததும் அதுவே. மாட்ரிட்டின் கதை உலகெங்கும் புத்தகங்களாக இருக்கிறது. முகமதனின் கதைக்கு நம் நூலகங்களில் ஓர் அலமாரி மூலைகூட இல்லை என்பது எனக்கு வருத்தம். இந்தத் தொடரை எழுத அதுவும் ஒரு காரணம்.

கற்காத பாடம்

முகமதன் காட்டிய வழியை நாடு உடனே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சை எதிர்த்து இறங்கிய இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். நம் காவிரிக் கரைக்குப் பழகிய பெயர் கொண்ட சாரங்கபாணி ராமன் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் கோலை அடித்தார். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம். வெறுங்காலை உலகம் வியந்தது. நாமும் அந்த வியப்பில் மயங்கினோம். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது, நாம் ஒன்று. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி வந்தது. கல்கத்தாவின் ஒரு கிளப் 1934இல் கண்டுகொண்டதை நாடு ஏற்றுக்கொள்ளப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

பிரிவினை முகமதன் ஸ்போர்ட்டிங்கை நடுவில் கிழித்தது. ஆட்டக்காரர்களும் ஆதரவாளர்களும் எல்லைக்கு அந்தப் பக்கம் போனார்கள். அப்படியும் கிளப் சாகவில்லை. 1948, 1957, 1967, 1981 என்று நீண்ட இடைவெளிகளில் லீக் பட்டம் வந்தது. 1960இல் அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டையோடு ஒரு தமிழரும் இருந்தார்: வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்து அணியில் பெயரெடுத்து, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்ற கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். 1981க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் காத்திருந்து, 2021இல் மறுபடி கல்கத்தா லீக்; தொடர்ந்து 2022, 2023. 2024இல் ஐ-லீக் பட்டமும் வென்று நாட்டின் உயர்மட்டப் போட்டிக்கு ஏறினார்கள்.

பொன்மலைப் பெரியவர் இப்போது இல்லை. சென்ற மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனபோது மைதானத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பையன் குனிந்து, கட்டை விரலால் மண்ணை அழுத்திப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, “ஈரம் இருக்குடா, ஷூ போட்டுக்கங்க” என்று மற்றவர்களிடம் கத்தினான். குடையை மடக்கிவிட்டு, ஆட்டம் முடியும் வரை அங்கேயே நின்றேன்.

(அடுத்த இதழில்: 1937இல் ரோவர்ஸ் கோப்பை இறுதியில் இந்த வெல்லமுடியாத முகமதனையே வீழ்த்திய பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியின் கதை.)